கைத்துப்பாக்கி வீரர்க்கு ஏற்ற பெட்டி

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் பத்துப் பேரிடம் யோசனை கேட்பது நம் வழக்கம். அப்பொருளை எதில் வைத்துக் காப்பது, எவ்வாறு எடுத்துச் செல்வது என்பதை மட்டும் நாம் யாரிடமும் கேட்பதில்லை. புறப்படும் நாளன்று கைக்குக் கிடைத்த பையில் திணித்துக் கொண்டு கிளம்பி விடுகிறோம். துணிமணிகளுக்கு இதனால் பெரிய நட்டம் ஏதும் நேர்ந்து விடாது. இலட்ச ரூபாய்க்கு மேல் விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுத் துப்பாக்கிக்கு நேரும். பொருள் நட்டத்தோடு போனாலும் பரவாயில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைவிடப் பெரிய கவலையும் இதில் அடங்கியிருக்கிறது.

"நம் வீட்டில் ஏது துப்பாக்கி?" என்று பக்கத்தைப் புரட்ட முற்படும் வாசகரைச் சற்று நிறுத்திக் கொள்கிறேன். 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்னும் ஹரியானா மாநிலத்து இளம்பெண், பெண்களுக்கான 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெண்கலம் வென்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. இரண்டு நாட்கள் கழித்து, சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவில் இரண்டாவது வெண்கலத்தையும் பெற்றார். அதே கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்றவர்கள் துருக்கியைச் சேர்ந்த யூசுஃப் திகேச் அவர்களும் அவருடைய இணை வீராங்கனையும் ஆவர். ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்தபடி, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு, ஐம்பது வயதைக் கடந்த அந்த மனிதர் நின்று சுட்ட காட்சி உலகெங்கும் பரவியதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அக்காட்சிகளைக் கண்ட பிள்ளைகளுள் சிலர் இன்று பள்ளி முடிந்ததும் சுடுதளத்தை நோக்கிச் செல்கின்றனர். என் தமக்கையின் மகள் அவர்களில் ஒருத்தி. பதினைந்து வயது. அவளுக்குத் துணையாகச் சில ஊர்களின் சுடுதளங்களுக்குச் சென்று வந்தவன் என்ற முறையில், அங்கே கண்டவற்றையும் பயிற்சியாளர்களிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றி அறிந்து கொள்வோம். பெட்டி அதற்காகத்தானே!

திரைப்படத்தில் காணும் துப்பாக்கியோடு இதை ஒப்பிட வேண்டாம். வெடிமருந்து இதில் கிடையாது. குழலின் அடியில் பொருத்தப்பட்டுள்ள சிறு சிலிண்டரில் அழுத்தி அடைக்கப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டு ஒன்றை உந்தித் தள்ளுகிறது. அக்குண்டைப் பெல்லட் என்பர். துப்பாக்கியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. நீளம் ஒன்றேகால் அடியைத் தாண்டும். கைப்பிடி வாதுமை மரத்தில் கடைந்தது. சுடுபவரின் உள்ளங்கைக்கு ஏற்ப அரத்தால் இழைத்து, புட்டி வைத்துத் திருத்தப்படுவது. ஒருவருடைய கைப்பிடி மற்றவருக்குப் பொருந்தாது. ஸ்டெயர், மொரினி, பர்தினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்ற ஐரோப்பியத் தயாரிப்புகள்.

இலக்கின் நடுவேயுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், நமது சட்டைப் பொத்தான் அளவு. அதைப் பத்து மீட்டர் தொலைவில் நின்று, ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள இடைவெளி 8 மில்லிமீட்டர். குறி பார்ப்பதற்குத் துப்பாக்கியின் முன்னும் பின்னும் இரண்டு உலோகக் குறிகள் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 33 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பின்குறி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விலகி விழும். கண்ணுக்கே புலப்படாத நகர்வு அது. பேருந்தின் மேல்தட்டிலிருந்து பை ஒருமுறை விழுந்தால் போதும்.

சென்ற ஆண்டு ஒரு மாவட்டப் போட்டியில் இது எங்கள் கண்முன் நிகழ்ந்தது. கருவியை விற்ற கடையிலேயே "வீரர்கள் எல்லோரும் வாங்குவது" என்று சொல்லிக் கொடுத்த பை அது. பார்க்க அழகு. உள்ளே ஒரே அறை. துப்பாக்கி, திருகாணிக் கருவிகள், பெல்லட் டப்பா எல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கொண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்தன. போட்டிக்கு முன் ஆயத்தத்துக்கும் ஒத்திகைச் சுடுதலுக்கும் 15 நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் அவள் சுட்டவை அனைத்தும் இடப்பக்கமாகவே ஒதுங்கின. "மாமா, என் கை சரியாகத்தான் இருக்கிறது, குறிதான் தள்ளிப் போயிருக்கிறது" என்று பின்னர் சொன்னாள். மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டிய பதினைந்து நிமிடமும் திருகாணியைத் திருப்புவதிலேயே கழிந்தது. அதன் பிறகு 60 குண்டுகளை 75 நிமிடத்துக்குள் சுட வேண்டும். அன்றைய புள்ளிகளை அவள் இன்றளவும் யாரிடமும் சொல்வதில்லை.

கடினப் பெட்டியா, மென்மையான பையா?

இக்கேள்வியைத்தான் எல்லாப் பெற்றோரும் முதலில் கேட்கின்றனர். இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. துப்பாக்கிக்குக் கடினமான பெட்டி; அந்தப் பெட்டியையும் ஏனைய பொருட்களையும் சேர்த்துச் சுமக்க ஒரு பை. துப்பாக்கியோடு தொழிற்சாலையிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் பெட்டி வரும். பல வீட்டில் அதைப் பரணில் ஏற்றிவிட்டுக் கவர்ச்சியான பை தேடி அலைகிறார்கள். அப்பெட்டியின் கீலும் கொக்கியும் உறுதியாக இருந்து, பூட்டுப் போடத் துளையும் இருந்தால் வேறு பெட்டியே வேண்டியதில்லை. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு நல்ல பூட்டு ஒன்று வாங்கினால் காரியம் முடிந்தது.

பழைய துப்பாக்கியைக் கைமாற்றாக வாங்குவோர்க்குப் பெட்டி கிடைப்பதில்லை. அவர்கள் அளவு பார்த்து வாங்க வேண்டும். அளவுக்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, 10 மீட்டர் போட்டிக்கான கைத்துப்பாக்கி எதுவானாலும் 420 மில்லிமீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம் கொண்ட சோதனைப் பெட்டிக்குள் முழுவதுமாக அடங்க வேண்டும். அடங்காவிட்டால் போட்டியில் அனுமதியில்லை. ஆகவே இந்த அளவுக்கு மேல் எந்தத் துப்பாக்கியும் இருக்க வழியில்லை. அதனுடன் எல்லாப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் ஃபோம் மெத்தை சேர்த்தால் பெட்டியின் உள்ளளவு 47 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம் என்றாகும். நாடாவைக் கையில் எடுத்துச் சென்று கடையில் அளந்து பாருங்கள். நீளம் சரியாக இருந்தும் ஆழம் போதாமல் போவதே வழக்கமான குறை. கைப்பிடி பக்கவாட்டில் புடைத்திருப்பதால், ஆழம் குறைந்த பெட்டியை மூடும்போது மூடி அதன்மேல் அழுந்தும். நாளடைவில் கைப்பிடியின் திருகு தளரும்.

துப்பாக்கிக்கென்று செய்யப்பட்ட பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. ஒளிப்படக் கருவிக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் உரிய பெட்டிகள் இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. உள்ளளவு பொருந்தினால் அவையே போதும். ஃபோமைத் துப்பாக்கியின் உருவத்துக்கு ஏற்ப வெட்டிக் கொடுக்க நாற்காலி மெத்தை தைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். வெட்டும்போது சிலிண்டருக்கும் தனிக் குழி வெட்டச் சொல்லுங்கள். அது ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஃபோமிலும் இரண்டு வகை உண்டு. தலையணையில் வைப்பது போன்ற பஞ்சுத் தன்மையுள்ளது தண்ணீரை உறிஞ்சும். சில ஆண்டுகளில் நைந்து, பிசுபிசுத்து, உலோகத்தில் ஒட்டிக் கொள்ளும். மற்றது, தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வரும் வெண்மையான, மூடிய துளைகளைக் கொண்ட வகை. அது நீரை ஏற்பதில்லை. நம்மைப் போன்ற கடற்கரையோர மக்களுக்கு இரண்டாவதே ஏற்றது. கழுவித் துடைத்துக் கொள்ளலாம்.

தோல் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வைக்கு அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. உள்ளே சிவப்பு வெல்வெட்டு, வெளியே பித்தளைக் கொக்கி, பழைய ஜமீன் வீட்டுக் கம்பீரம்! ஆனால் தோலைப் பதனிடச் சேர்க்கும் பொருட்களும், அது தன்னுள் தேக்கி வைக்கும் ஈரமும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். வரவேற்பறையில் வைத்து விருந்தினர்க்குக் காட்ட விரும்புவோர் வாங்கிக் கொள்ளட்டும். துப்பாக்கியை அதற்குள் மாதக் கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

ஈரத்தைக் குறித்து இன்னும் ஒன்று. குளிரூட்டப்பட்ட சுடுதளத்திலிருந்து வெளியே வந்தவுடன், ஆர்வத்தால் பெட்டியைத் திறந்து தோழியரிடம் காட்டும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த உலோகத்தின்மேல் வெளிக்காற்றின் ஈரம் உடனே பனித்துளிகளாகப் படியும். குளிர்ந்த நீர் ஊற்றிய குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போன்றதே இதுவும். பெட்டி மூடியே இருந்து, உள்ளிருக்கும் கருவி மெல்ல வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியின் மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைக்க வேண்டும். நீல நிற மணிகள் வெளிறி இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிட்டன என்று பொருள். சூடாக்கினால் மீண்டும் நீலமாகும்.

காற்றும் ஈயமும்

சிலிண்டருக்குத் தனி இடம் வேண்டும் என்றேன் அல்லவா? அதில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம் 200 பார் வரை செல்லும். நம் கார் டயரில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு! மூடிய காருக்குள் சித்திரை வெயிலில் இதை வைத்துவிட்டுப் போகலாகாது. 27 பாகை வெப்பத்தில் 200 பாராக உள்ள காற்று, 60 பாகைக்கு ஏறும்போது சுமார் 222 பார் அழுத்தமாகிறது. நல்ல நிலையில் உள்ள சிலிண்டர் அதைத் தாங்கும் விதமாகவே செய்யப்பட்டிருக்கும். ஆயினும் தேய்ந்த ரப்பர் வளையங்களும் பழைய சிலிண்டர்களும் நம்மிடம் இருக்கின்றன அல்லவா? சிலிண்டரின் மேல் அதன் செல்லுபடியாகும் காலம் பொறிக்கப்பட்டிருக்கும். பத்து ஆண்டுக்கு மேல் அதைப் பயன்படுத்தப் போட்டி விதிகள் இடந்தருவதில்லை. கைமாற்றாக வாங்குவோர் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் இந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். பெட்டியில் வைக்கும்போது அதன் திருகுமுனைக்கு மூடியிட்டுத் தனிக் குழியில் வைத்தால் மரைகள் அடிபடாது, தூசியும் சேராது.

பெல்லட்டுகள் மென்மையான ஈயத்தால் ஆனவை. ஒன்றின் எடை ஏறத்தாழ அரை கிராம். இடுப்பு ஒடுங்கி, அடிப்பகுதி பாவாடை போல் விரிந்திருக்கும். அந்த விளிம்பு நசுங்கினால் குண்டு நேர்வழி செல்லாது. 500 குண்டுகள் கொண்ட தகர டப்பா பாதி காலியானதும், மீதமுள்ளவை உள்ளே குலுங்கி ஒன்றையொன்று நசுக்கும். மூடிக்கு அடியில் சிறு ஃபோம் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி வைத்தால் குலுக்கல் நிற்கும். இதற்கென்று விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

தாய்மார்கள் இவ்விடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். ஈயம் நச்சுப் பொருள். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு அது செய்யும் தீங்கு மருத்துவ உலகம் ஐயமற நிறுவிய உண்மை. பெல்லட்டைத் தொட்ட கையால் பேரீச்சம்பழத்தையோ பிஸ்கட்டையோ எடுத்துத் தின்பது சுடுதளங்களில் அன்றாடம் காணும் காட்சி. ஆதலால் பை வாங்கும்போது உணவுக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் வெளிப்புறத்தில் தனி அறை உள்ளதா என்று பாருங்கள். உட்புறத் துணி கழுவக் கூடியதாக, வெளிர் நிறமாக இருந்தால் கரும் ஈயத்தூள் படிந்திருப்பது தெரியும். கறுப்பு உறை எல்லாவற்றையும் மறைத்து விடும். ஒரு சோப்புத் துண்டும் சிறு துவாலையும் பையில் நிரந்தரமாக இருக்கட்டும். அந்தப் பையைச் சமையலறை மேடையின்மேல் வைக்கக் கூடாது. பயிற்சி முடிந்து வந்ததும் கைக்குழந்தையைத் தூக்குவதற்கு முன் கை கழுவ வேண்டும்.

அடுத்தது பூட்டு. திருடனுக்காக மட்டும் பூட்டு என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். விளையாட்டுத் துப்பாக்கியின் பூட்டு பெரும்பாலும் தம்பிக்காகவும் தங்கைக்காகவும் போடப்படுவது. அக்காள் கையில் பளபளக்கும் அப்பொருளைத் தொட்டுப் பார்க்க ஏங்காத ஆறு வயதுப் பிள்ளை உண்டா? வெடிமருந்து இல்லை என்பதால் தீங்கில்லை என்று பொருளாகாது. ஒரு நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் பாயும் ஈயக் குண்டு கண்ணைப் பறித்துவிடும். எனவே பெட்டிக்கு ஒரு பூட்டு. பெல்லட்டுகளுக்கு வேறொரு இடம். சாவி தாய் அல்லது தந்தையின் கையில். சுடுபவளே பூட்டித் திறக்கட்டும், ஆனால் கேட்டு வாங்கித் திறக்கட்டும். எங்கள் வீட்டில் என் மச்சானின் சாவிக் கொத்தில்தான் அந்தச் சாவி கிடக்கிறது. "அத்தா, சாவி" என்று அவள் கேட்கும்போது வீட்டில் உள்ள எல்லோர்க்கும் பெட்டி திறக்கப் போகிறது என்பது தெரிந்துவிடுகிறது. எண் பூட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று எண்களை ஒரு மழைநாள் விடுமுறையில் கண்டுபிடிக்கும் பொறுமை சிறுவர்களுக்கு உண்டு.

ஜிப் வைத்த பையை மட்டும் நம்பிப் பூட்டுவதும் சரியன்று. சுருள் நரம்பால் ஆன ஜிப்பை ஒரு பேனா முனையால் குத்திப் பிளந்துவிடலாம். பின்னர் இழுப்பானை முன்னும் பின்னும் ஓட்டினால் பிளந்த தடமே தெரியாமல் மூடிக் கொள்ளும். பூட்டு அப்படியே தொங்கிக் கொண்டிருக்கும்! இதனாலும்தான் உள்ளே கடினப் பெட்டி வேண்டும் என்கிறேன்.

சுடுதளத்தில்

சுடுதளத்தின் முதல் ஒழுங்கு, துப்பாக்கியின் குழல்முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும் என்பது. சுடும் இடத்துக்குச் சென்ற பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். திறக்கும்போது முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மூடியிருக்கும் பெட்டியைப் பார்த்தால் எப்படித் தெரியும்? இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருக்கும். பலர் திறந்த பிறகு பெட்டியைத் திருப்புகின்றனர். அந்தத் திருப்பலில் முனை பக்கத்தில் நிற்பவர் எல்லோரையும் ஒருமுறை சுற்றி வருகிறது. பெட்டியின் வெளிப்புறத்தில், முனை உள்ள பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வையுங்கள். ஒரு துளி வர்ணத்தில் தீரும் காரியம்.

குழலுக்குள் குண்டு இல்லை என்பதைக் காட்டும் பாதுகாப்புக் கொடி என்ற ஒன்று உண்டு. கொடி என்று பெயரே தவிர, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீண்ட நரம்பு அது. காற்றுத் துப்பாக்கிக்கு அது குழலின் முழு நீளத்துக்கும் ஓடி வெளியே தெரிய வேண்டும். பெட்டியின் ஃபோமை வெட்டும்போது இந்த நரம்பும் செருகிய நிலையில் துப்பாக்கி படுக்கும்படி வெட்டச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கொடியைக் கழற்றி வைக்கும் பழக்கம் வந்துவிடும்.

பையில் வேறு என்னென்ன இருக்க வேண்டும்? காதடைப்பான், கண்ணாடி, திருகுக் கருவிகள், கணுக்காலை மூடாத தட்டையான அடிப்பாகம் உள்ள காலணி, குறிப்பேடு, அடையாள அட்டை. இவ்வளவே. காலணி சேற்றோடு வரும் பொருளாதலால் அதற்குத் தனிப்பை வேண்டும். கண்ணாடிக்குக் கடினமான உறை வேண்டும். கருவிகளைச் சிறு துணிச் சுருளில் தைத்து வைத்தால் ஒன்று குறைந்தாலும் காலியான அறை காட்டிக் கொடுத்துவிடும். இதை நம் வீட்டுப் பெண்கள் அரைநாளில் தைத்து விடுவார்கள்.

கருவிகளைச் சுமையென்று கருதி வீட்டில் விட்டுச் செல்வோர்க்காக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி நின்றது. சுடும் இடத்தை விட்டு வெளியேறி அதைச் சரிசெய்து கொண்டு வருவதற்குள் பொன்னான நேரம் கரைந்து போயிற்று. 575 புள்ளிகளுடன் பன்னிரண்டாம் இடம். இறுதிச் சுற்றுக்குச் செல்வோர் எட்டுப் பேர். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் கிடைத்த வெண்கலத்தின் அருமையை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்தே எண்ண வேண்டும். எல்லாப் பழுதையும் பையில் உள்ள கருவியால் சரிசெய்துவிட முடியாது என்பது உண்மை. சரிசெய்யக் கூடிய பழுதுக்கும் கருவி இல்லாமல் நிற்பது வேறு வகைத் துயரம்.

சுமக்கும் முறைக்கு வருவோம். எல்லாம் சேர்ந்தால் ஆறு ஏழு கிலோ வரை போகும். வலக்கையால் சுடும் பிள்ளை அந்தப் பையை வலக்கையிலேயே தூக்கிக் கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்தால், விரல்கள் இறுகி, நீட்டிய கை நடுங்கும். முதுகில் இரு பட்டைகளால் மாட்டிக் கொள்ளும் பையே இவ்வகையில் சிறந்தது. அப்படி இல்லையென்றால் சுடாத கையால் தூக்கப் பழக்குங்கள். சக்கரம் வைத்த பெட்டிகள் விமான நிலையத் தரைக்கு ஏற்றவை. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தின் குண்டும் குழியும் அந்தச் சக்கரத்தின் வழியாகத் துப்பாக்கியின் குறி வரை சென்று சேரும்.

பையின் தோற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசகர்களுள் பலருக்கு மனத்தில் இருந்தும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் செய்தி இது. துப்பாக்கிப் படம் அச்சிட்ட பைகள், இராணுவத்தின் பச்சைத் திட்டு வண்ணப் பைகள், ஆயுத நிறுவனங்களின் பெயர் பொறித்த பைகள் கடைகளில் ஏராளம். இளைஞர்களுக்கு அவற்றின்மேல் மோகம். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதைப் பார்த்து அஞ்சினால் அவரைக் குறை சொல்ல முடியாது. காவலர் நிறுத்தி விசாரித்தால் அவரையும் குறை சொல்ல முடியாது. தாடி வைத்த இளைஞனோ முக்காடு அணிந்த பெண்ணோ அப்படிப்பட்ட பையோடு நின்றால் விசாரணை சற்று நீளக் கூடும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். இதற்காக விளையாட்டை விட வேண்டியதில்லை. தலைகுனிய வேண்டியதும் இல்லை. பள்ளிப்பை போன்ற, நீலமோ சாம்பலோ ஆன எளிய பை போதும். திருடர் கண்ணிலும் அது படாது. பொது இடத்தில் எக்காரணம் கொண்டும் பெட்டியைத் திறக்கக் கூடாது. நண்பர் கேட்டாலும், உறவினர் கேட்டாலும் கூடாது. காவலர் கேட்டால், "உள்ளே விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது, தாள்கள் இதோ" என்று முதலில் சொல்லி, அவர் சொன்ன பிறகே கை வைக்க வேண்டும்.

தாள்கள் என்பதில் எவை அடங்கும்? துப்பாக்கி வாங்கிய இரசீது, சங்க உறுப்பினர் அட்டை, போட்டிக்குச் செல்வதானால் அழைப்புக் கடிதம், பள்ளி அடையாள அட்டை. 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தின் அடையாள எண் பெற்றவர்கள் அதன் நகலையும் வைத்துக் கொள்ளலாம். 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. தோட்டா பயன்படுத்தும் துப்பாக்கிகளின் கதை வேறு. அவற்றுக்கு உரிமம் கட்டாயம், தோட்டாக்களைத் தனியே பூட்டி எடுத்துச் செல்லவும் வேண்டும். எல்லாத் தாள்களையும் நெகிழி உறையிலிட்டுப் பையின் வெளி அறையில் வையுங்கள். துப்பாக்கிப் பெட்டிக்குள் வைத்தால், தாளைக் காட்டுவதற்காகவே துப்பாக்கியைத் திறந்து காட்ட வேண்டி வரும்!

டில்லியில் கர்னி சிங் சுடுதளம் போன்ற தொலைவிடங்களுக்கு விமானத்தில் செல்லும் நாளும் சில பிள்ளைகளுக்கு வரும். காற்றுத் துப்பாக்கியாயினும் பயணிகள் அமரும் பகுதிக்குள் அதற்கு இடமில்லை. கடினமான பெட்டியில் பூட்டி, பயணச்சீட்டு சரிபார்க்கும் இடத்திலேயே தெரிவித்து, சரக்குப் பகுதியில் அனுப்ப வேண்டும். சிலிண்டரைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றி, அழுத்தமானி சுழியத்தைக் காட்டும் நிலையில் தனியே வைக்க வேண்டும். விமான நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுவதால் சீட்டு எடுப்பதற்கு முன்பே எழுதிக் கேட்டு, வந்த விடையின் நகலைக் கையில் வைத்துக் கொள்வது நலம். ஹஜ் பயணத்துக்குப் போவோர் பெட்டியில் வண்ணத் துணி கட்டுவதைப் போல் இதிலும் ஓர் அடையாளம் கட்டிக் கொள்ளலாம். வெளியே பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருக்கட்டும். உள்ளிருப்பது இன்னது என்று எழுத வேண்டாம்.

புதுப்பை வாங்கியதும் உடனே போட்டிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். துப்பாக்கியின் எடைக்கு நிகராக ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பையில் இட்டு, பிள்ளையின் முதுகில் மாட்டி, மாடிப்படி நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பட்டையின் தையல் எங்கே இழுபடுகிறது, பெட்டியின் மூலை முதுகில் எங்கே குத்துகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். குத்துகிற இடத்தில் ஒரு பழைய துவாலையை மடித்து வைத்துத் தைத்துக் கொள்ளலாம். தையல் இழுபட்டால் இரசீது கைவசம் இருக்கும்போதே கடைக்குத் திருப்பிக் கொடுத்து விடுங்கள்.